மகள் 11ஆம் வகுப்புப் போகிறாள்: ஊர் மனையை இப்போது விற்கலாமா, கல்லூரிப் பட்டியலை எங்கிருந்து தொடங்குவது?

எடிசன்வாசி (கேள்வி)

வணக்கம். நியூஜெர்சியில் இருக்கிறோம், நான்கு பேருக்கும் கிரீன் கார்டு வந்துவிட்டது. மகள் 2026 செப்டம்பரில் 11ஆம் வகுப்புப் போகிறாள், கல்லூரி 2028இல். மகன் இப்போது 7ஆம் வகுப்பு. எங்கள் இருவர் சம்பளமும் சேர்த்து ஆண்டுக்கு 165,000 டாலர். மகளுக்கான 529 என்ற கல்லூரிச் சேமிப்புக் கணக்கில் 48,000 இருக்கிறது. அவள் பெயரில் ஒரு யூடிஎம்ஏ கணக்கு (பணம் பிள்ளைக்குச் சொந்தம், நிர்வகிப்பது பெரியவர்), அதில் 22,000. ஊரில் என் பெயரில் ஒரு மனை. இன்று விற்றால் 120,000 டாலர் வரும், அதில் லாபம் 60,000 அளவு.

மூன்று கேள்விகள். மனையை இந்த ஆண்டே விற்று 529இல் போடுவது நல்லதா? இந்த வருமானத்துக்கு ஃபாஃப்ஸா என்ற கல்வி உதவிப் படிவத்தை நிரப்புவதே வீண் என்கிறார்கள், உண்மையா? கல்லூரிப் பட்டியலை எப்படிப் போடுவது? மகளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும். ஆனால் அவள் தோழிகள் எல்லோருமே அதே பத்துப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

---

கணக்குப்புலி

சார், இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது.

ஃபாஃப்ஸா கடைசியில் எஸ்ஏஐ என்று ஓர் எண்ணைத் தரும்: உங்கள் குடும்பம் ஆண்டுக்கு இவ்வளவு கட்ட முடியும் என்ற கணிப்பு. கல்லூரிச் செலவில் அது போக மீதிதான் 'தேவை'. 2024-25க்கு முன் இஎஃப்சி என்று சொன்னார்களே, அதன் இடத்தில் வந்தது. நீங்கள் சொன்ன விவரத்தை வைத்து உத்தேசமாகப் போட்டால் வருமானத்தால் மட்டுமே 30,000 டாலர் தாண்டும், சொத்தும் சேர்ந்தால் 45,000 பக்கம் நிற்கும். உங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் விடுதி, சாப்பாடு உட்பட மொத்தச் செலவே அதற்குள் அடங்கிவிடும். ஆகவே தேவை அடிப்படையிலான உதவி அங்கே இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆண்டுக்கு 90,000 என்று விலை போட்டிருக்கும், தேவை முழுவதையும் ஈடுகட்டுகிற தனியார் கல்லூரியில் அதே 45,000 டாலர் உதவியாக வரலாம். "உங்கள் வருமானத்துக்குக் கிடைக்காது" என்பவர்களிடம் எந்தக் கல்லூரியில் கிடைக்காது என்று கேளுங்கள். எதுவுமே கிடைக்காவிட்டாலும் ஃபாஃப்ஸாவை நிரப்பத்தான் வேண்டும். மாணவர் பெயரில் வரும் ஃபெடரல் கடனுக்கு அது கட்டாயம், சில கல்லூரிகள் மெரிட் பணத்துக்கும் (தேவையைப் பார்க்காமல் திறமைக்குத் தருவது) கேட்கின்றன.

இப்போது மனை. ஃபாஃப்ஸா பார்ப்பது இரண்டு ஆண்டுக்கு முந்தைய வரிக் கணக்கை. 2028-29க்கு 2026ஆம் ஆண்டு வருமானம். அதாவது மகள் 10ஆம் வகுப்பின் நடுவில் இருந்தபோதே கணக்கு ஆண்டு தொடங்கிவிட்டது, பெரும்பாலான பெற்றோருக்கு இது 12ஆம் வகுப்பில்தான் தெரிய வருகிறது. சொத்து வேறு மாதிரி: படிவம் நிரப்பும் நாளில் என்ன மதிப்போ அது.

ஊரில் உள்ள மனையையும் படிவத்தில் காட்ட வேண்டும். குடியிருக்கும் வீட்டுக்கும் 401கே போன்ற ஓய்வூதியக் கணக்குகளுக்கும் விலக்கு உண்டு. ஊரில் உள்ள நிலம், ஃபிளாட், என்ஆர்இ வைப்பு எல்லாம் முதலீட்டில் சேரும். உங்கள் அப்பா பெயரில் இருப்பது உங்கள் சொத்து அல்ல. அண்ணன் தம்பியோடு கூட்டாக இருந்தால் உங்கள் பங்கு மட்டும். பெற்றோர் சொத்தில் அதிகபட்சம் 5.64 சதவீதம் எஸ்ஏஐயில் ஏறும். 120,000க்கு 6,768 டாலர். விற்று 529இல் போட்டாலும் அதே விகிதம்தான், அதில் லாபமும் இல்லை நட்டமும் இல்லை.

விற்றதில் வரும் லாபம்தான் இடிக்கும். அது வருமானம். உங்கள் படிநிலையில் கூடுதல் வருமானம் ஒவ்வொரு டாலருக்கும் 47 சென்ட் எஸ்ஏஐயில் ஏறுகிறது. 60,000 லாபம் என்றால், வரி போக, 24,000 முதல் 28,000 வரை அந்த ஓர் ஆண்டு எண் உயரும். மாநிலப் பல்கலைக்கழகம் மட்டும் என்றால் கவலையே இல்லை, அங்கே ஏற்கெனவே பூஜ்யம். தேவையை முழுதும் ஈடுகட்டும் தனியார் கல்லூரி பட்டியலில் இருந்தால் அந்தத் தொகை முழுக்க உங்கள் கையை விட்டுப் போகும். ஹார்வர்டும் எம்ஐடியும் 2025 இலையுதிர் பருவத்திலிருந்து 200,000 டாலருக்குக் கீழ் வருமானமும் வழக்கமான அளவு சொத்தும் உள்ள குடும்பங்களுக்கு டியூஷன், அதாவது படிப்புக் கட்டணம், கிடையாது என்று வைத்திருக்கின்றன. 165,000 உள்ளே, 225,000 வெளியே.

சரி, எப்போது விற்பது? மகளின் நான்கு ஆண்டுகளுக்கு 2026, 2027, 2028, 2029 வருமானம் கணக்கு. மகன் 2031இல் சேர்வான், அவனுக்கு 2029 முதல் 2032 வரை. இடையில் காலி ஆண்டே இல்லை. 2029 மட்டும் வேண்டாம், அது இருவரையும் அடிக்கும். விற்றே ஆக வேண்டும் என்றால் 2027 அல்லது 2028. முதல் ஆண்டு உதவிக் கடிதத்தை வைத்துத்தான் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள், அது கலங்காமல் இருக்கட்டும். எந்த ஆண்டு விற்றாலும் பத்திர நகல், வாங்கிய விலை, பணம் எதற்குப் போனது என்ற விவரம் எல்லாவற்றையும் சேர்த்து, ஒருமுறை மட்டும் வந்த வருமானம் இது என்று கல்லூரியின் ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீஸுக்கு எழுதுங்கள். ஒதுக்கித் தர அவர்களுக்கு அதிகாரம் உண்டு, கடமை கிடையாது.

யூடிஎம்ஏ விஷயத்தை உடனே கவனியுங்கள். அது மாணவர் சொத்து, 20 சதவீதம் ஏறும். 22,000க்கு ஆண்டுக்கு 4,400. அதே பணம் 529இல் இருந்தால் 1,241 தான். கணக்கில் உள்ளதை விற்று ரொக்கமாக்கி, அவள் பெயரிலேயே கஸ்டோடியல் 529 திறந்து அதில் போடலாம். அது பெற்றோர் சொத்தாகவே கணக்கிடப்படும். லாபத்துக்கு வரி உண்டு. பணம் அவளுடையது, மகனுக்கு மாற்ற முடியாது, நீங்கள் எடுத்துக்கொள்ளவும் கூடாது.

இன்னொன்று. கல்லூரியில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் எண்ணை இரண்டாக வகுக்கும் பழைய சலுகை ஃபாஃப்ஸாவில் 2024-25 முதல் இல்லை. தங்கள் சொந்த உதவிப் பணத்துக்காக சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற இன்னொரு படிவத்தைக் கேட்கும் கல்லூரிகள் பலவற்றில் இன்னும் இருக்கிறது. அந்தப் படிவம் கொஞ்சம் துருவும்: மகனுக்கான 529ஐயும் வீட்டின் மதிப்பையும் கேட்கும். வீட்டு மதிப்பை எடுத்துக்கொள்வது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஹார்வர்டும் ப்ரின்ஸ்டனும் குடியிருக்கும் வீட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

---

பட்டியல்காரி

புலி சார் பணத்தைச் சொல்லிவிட்டார், நான் பட்டியலுக்கு வருகிறேன்.

பெயரில் தொடங்காதீர்கள். ஃபெடரல் உதவி பெறும் எல்லாக் கல்லூரியும் தன் தளத்தில் நெட் பிரைஸ் கால்குலேட்டர் (உதவி போக உங்களுக்கு எவ்வளவு ஆகும் என்று காட்டுவது) வைத்திருக்க வேண்டும், 2011 முதல் அது சட்டம். மகள் ஒரு கல்லூரி பெயர் சொன்னால் அன்றே அதை ஓட்டிப் பாருங்கள். ஏழெட்டுக் கேள்வியோடு முடிந்துவிடும் கால்குலேட்டரை நம்ப வேண்டாம், அது சராசரியைத்தான் காட்டும். வரிப் படிவத்தில் உள்ள எண்களையும் சொத்தையும் தனித்தனியாகக் கேட்பதே உருப்படியானது. உங்களுக்கு ஊர் மனை இருப்பதால் "பிற அசையாச் சொத்து" என்ற கட்டத்தை விட்டுவிடாதீர்கள். கால்குலேட்டர் தப்பாகக் காட்டியதாகப் புலம்பும் குடும்பங்களில் பலர் அதைத் தாண்டிப் போனவர்கள். சொந்தத் தொழில், விவாகரத்து, வாடகை வருமானம் உள்ளவர்களுக்கு எந்தக் கால்குலேட்டரும் கொஞ்சம் தடுமாறும்.

அடுத்து அந்தக் கல்லூரி தன் சேர்க்கை, உதவிப் புள்ளிவிவரங்களை வெளியிடும் காமன் டேட்டா செட்டைத் தேடி எடுங்கள். முப்பது நாற்பது பக்கம் இருக்கும், எல்லாம் படிக்க வேண்டாம். சி7 அட்டவணையில் சேர்க்கைக்கு எது மிக முக்கியம், எது பார்ப்பதே இல்லை என்று அவர்களே குறித்திருப்பார்கள். எச்2இல் ஐ வரிசையைப் பாருங்கள், தேவையில் சராசரியாக எத்தனை சதவீதம் ஈடுகட்டுகிறார்கள் என்பது அங்கே இருக்கிறது. 100 என்று இருக்கும் கல்லூரியும் 62 என்று இருக்கும் கல்லூரியும் விளம்பரத்தில் ஒரே மாதிரிதான் பேசும். எச்2ஏ மெரிட் பற்றியது: தேவையே இல்லாத எத்தனை மாணவருக்கு, சராசரி எவ்வளவு கொடுத்தார்கள் என்று. ஐவி லீக் எட்டிலும் மெரிட் பணம் கிடையாது, எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும். அலபாமா பல்கலைக்கழகம் போன்ற இடங்கள் தேர்வு மதிப்பெண்ணையும் ஜிபிஏ என்ற பாட மதிப்பெண் சராசரியையும் வைத்து வெளிமாநில மாணவருக்குத் தாமாகவே தருகின்றன, எவ்வளவு என்பது அவர்கள் தளத்திலேயே அட்டவணையாக இருக்கிறது.

கம்ப்யூட்டர் சயின்ஸ் என்பதால் ஒரு எச்சரிக்கை. இல்லினாய் அர்பானா-ஷாம்பெய்ன், வாஷிங்டன் பல்கலைக்கழகம் போன்றவற்றில் அந்தத் துறைக்கே நேரடியாக இடம் கிடைக்க வேண்டும். வேறு துறையில் நுழைந்து பிறகு மாறிக்கொள்ளலாம் என்ற யோசனை அங்கே ஏறக்குறைய நடக்காது. பல்கலைக்கழகத்தின் மொத்தச் சேர்க்கை விகிதத்தைப் பார்த்து "பாதுகாப்பான கல்லூரி" என்று எழுதிவைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய. துறை மாறும் விதியை ஒவ்வொரு கல்லூரிக்கும் தனியாகப் படித்துக் குறித்துவையுங்கள்.

பட்டியலில் முதலில் எழுத வேண்டியது உறுதியாக இடமும் கிடைத்து, உறுதியாகக் கட்டவும் முடிகிற இரண்டு கல்லூரிகள், அவளுக்கும் பிடித்தவையாக. இது அமைந்துவிட்டால் மேலே எத்தனை கனவுக் கல்லூரி போட்டாலும் பயமில்லை. எனக்குத் தெரிந்து யாரும் இந்த வரிசையில் போடுவதில்லை, எல்லோரும் மேலிருந்து தொடங்கி நவம்பரில் அவசரமாகக் கீழே இறங்குகிறார்கள்.

தேதிகளில் முக்கியமானவை: 11ஆம் வகுப்பு அக்டோபரில் பிஎஸ்ஏடி, நேஷனல் மெரிட் ஸ்காலர்ஷிப்புக்கு அந்த ஒரு தேர்வுதான் கணக்கு, 10ஆம் வகுப்பில் எழுதியது பயிற்சி மட்டுமே. கல்லூரிச் சேர்க்கைத் தேர்வான எஸ்ஏடியை 11ஆம் வகுப்பின் பிற்பாதியில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று வைத்துக்கொண்டால் போதும். "எஸ்ஏடி இனி தேவையில்லை" என்று யாராவது சொன்னால் அது பழைய செய்தி. எம்ஐடி 2022இலும், டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட் 2024இலும் திரும்பக் கட்டாயமாக்கின. கலிஃபோர்னியாவின் யூசி வளாகங்கள் மதிப்பெண்ணை அனுப்பினாலும் சேர்க்கைக்குப் பார்ப்பதில்லை. பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டிய நேரம் 11ஆம் வகுப்பு முடிவதற்குள், மே மாதம். செப்டம்பரில் கேட்டால் அந்த ஆசிரியர் ஏற்கெனவே பலருக்கு ஒப்புக்கொண்டிருப்பார். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப் புதிய ஆண்டுக்கு ஆகஸ்ட் 1 திறக்கும், ஃபாஃப்ஸா அக்டோபர் 1.

காமன் ஆப்பில் செயல்பாடுகளுக்குப் பத்து இடம், ஒவ்வொரு விவரிப்புக்கும் 150 எழுத்து. இடைவெளியும் அதில் அடக்கம். "தமிழ்ப் பள்ளியில் தன்னார்வலராக ஆர்வத்துடன் பணியாற்றினேன்" என்று எழுதுவது இடத்தை வீணாக்குவது. எத்தனை குழந்தைகள், எந்த வயது, என்ன பாடம், அவளே தயாரித்தது என்ன என்று எழுதட்டும்: "முதல் நிலை 14 பேர்; உயிர்மெய் அட்டைகள் தயாரித்தேன்; மற்ற வகுப்புகளும் பயன்படுத்துகின்றன." படிப்பவர் கண் அங்கேதான் நிற்கும்.

---

எடிசன்வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. யூடிஎம்ஏ வேலையை இந்த வாரமே தொடங்குகிறேன். ஒரு சந்தேகம்: எர்லி டிசிஷன் (இடம் கிடைத்தால் சேர்வேன் என்று கட்டுப்பட்டு ஒரே கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பது) போட்டால் வாய்ப்பு கூடும் என்று மகள் பிடிவாதம் பிடிக்கிறாள். இடம் கிடைத்துப் பணம் போதவில்லை என்றால் மாட்டிக்கொள்வோமா?

---

மே_ஒன்று

எர்லி டிசிஷனில் மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவரும் கையெழுத்திட வேண்டும். டிசம்பர் நடுவில் முடிவு வரும், இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களை எல்லாம் திரும்பப் பெற வேண்டும். உதவித்தொகை போதாமல் போனால் விடுவித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே வழி உண்டு. ஆனால் போதுமா போதாதா என்று ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் கையில் அப்போது வேறு எந்தக் கடிதமும் இருக்காது, அதுதான் சிக்கல். என் கருத்து: கால்குலேட்டர் காட்டிய தொகையை வேறெந்தச் சலுகையும் இல்லாமல் நான்கு ஆண்டும் கட்ட முடியும் என்றால் போடுங்கள். மெரிட் பணத்தை ஒப்பிட்டு முடிவெடுக்கும் எண்ணம் இருந்தால் வேண்டாம், எர்லி ஆக்‌ஷன் போதும். அது கட்டுப்படுத்தாது, முடிவு சொல்ல மே 1 வரை நேரம் இருக்கும்.

உதவிக் கடிதங்கள் வந்த பிறகு நடக்கும் குழப்பம் வேறு. கிராண்ட் (திருப்பித் தர வேண்டாத பணம்), கடன், வொர்க்-ஸ்டடி (படித்துக்கொண்டே பார்க்கும் வேலையின் சம்பளம்) மூன்றையும் கூட்டி "உங்களுக்கான உதவி 38,000" என்று எழுதுவார்கள். 2022இல் அரசின் ஜிஏஓ அமைப்பு ஆராய்ந்தபோது 91 சதவீதக் கல்லூரிகள் உண்மையில் கட்ட வேண்டிய தொகையைச் சொல்லாமலோ குறைத்தோதான் காட்டியிருந்தன. அவர்கள் கடைசி வரியை விட்டுவிடுங்கள். ஒரு தாளில் டியூஷன், கட்டணங்கள், விடுதி, சாப்பாடு, புத்தகம், பயணம் எல்லாம் கூட்டுங்கள்; கிராண்ட்டும் ஸ்காலர்ஷிப்பும் மட்டும் கழியுங்கள். எல்லாக் கல்லூரிக்கும் இதே கணக்கு. மெரிட் என்றால் எத்தனை ஜிபிஏ இருந்தால் அடுத்த ஆண்டும் வரும் என்று கேளுங்கள். தொகை நிலையாக இருக்கும், டியூஷன் ஏறும், ஆகவே நான்காம் ஆண்டு பில் முதலாம் ஆண்டு பில்லைப் போல இருக்காது.

கடன் வரம்பும் தெரிந்திருக்கட்டும். மாணவர் பெயரில் ஃபெடரல் கடன் முதலாம் ஆண்டு 5,500, அடுத்து 6,500, பிறகு 7,500, 7,500. நான்கு ஆண்டுக்கு 27,000. பெற்றோர் எடுக்கும் பிளஸ் கடனுக்கு முன்பு மொத்தச் செலவு வரை இடம் இருந்தது. 2026 ஜூலை 1 முதல் புதிதாக எடுப்போருக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 தான். "மீதியைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்" என்று பழைய கணக்கில் திட்டமிடுபவர்கள் இனித் தனியார் கடனில்தான் போய் நிற்பார்கள்.

529 எடுக்கும்போது இரண்டு இடத்தில் தவறு நடக்கும். செலவும் எடுப்பும் ஒரே நாட்காட்டி ஆண்டில் இருக்க வேண்டும். வசந்த பருவ பில்லை டிசம்பரில் கட்டிவிட்டு ஜனவரியில் 529இலிருந்து எடுத்தால் பொருந்தாது. பில் முழுவதையும் 529இலிருந்தே கட்டிவிடாதீர்கள். ஆண்டுக்கு 4,000 டாலர் டியூஷனைக் கைப்பணத்தில் கட்டினால் அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி வரிச் சலுகை 2,500 முழுதாகக் கிடைக்கும். ஒரே செலவுக்கு இரண்டையும் எடுக்க முடியாது. ஆனால் கணவன் மனைவி கூட்டு வருமானம் 160,000 தாண்டினால் அது குறையத் தொடங்கி 180,000இல் நின்றுவிடும். நீங்கள் அந்த விளிம்பில்தான் இருக்கிறீர்கள். 401கேயில் கொஞ்சம் கூட்டிப் போட்டால் உள்ளே வந்துவிடலாம். மனையை 2028இல் விற்றால் அந்த ஆண்டு இந்தச் சலுகை போய்விடும், ஆகவே புலி சார் சொன்ன இரண்டில் 2027 மேல்.

---

இனிஷியல்

நம்மவர்களுக்கே உரிய தொல்லை ஒன்று விட்டுப்போயிற்று: பெயர். கிரீன் கார்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக, பள்ளியில் இனிஷியலோடு, எஸ்ஏடி கணக்கில் வீட்டில் அழைக்கும் சுருக்கம் என்று மூன்று விதமாக இருக்கும். ஃபாஃப்ஸாவுக்கான கணக்கைத் திறக்கும்போது சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் உள்ளபடியே பெயர் போட வேண்டும். அங்கே பொருந்தாவிட்டால் படிவம் நின்றுவிடும். எஸ்ஏடி, பள்ளி டிரான்ஸ்கிரிப்ட், காமன் ஆப் மூன்றிலும் அதே பெயர், அதே பிறந்த தேதி, அதே மின்னஞ்சல். பொருந்தாத மதிப்பெண் கல்லூரியில் தனியாகக் கிடக்கும், நீங்கள் அனுப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். திருத்த வேண்டியது இருந்தால் 11ஆம் வகுப்பிலேயே திருத்துங்கள். பள்ளி மின்னஞ்சல் முகவரி வேண்டாம், 12 முடிந்ததும் மூடிவிடுவார்கள்.

நீங்கள் கூட்டாக வரி தாக்கல் செய்தால் ஃபாஃப்ஸாவில் பெற்றோரில் ஒருவர் கணக்கு போதும். மாணவர் பகுதியைப் பெற்றோர் தங்கள் கணக்கில் நுழைந்து நிரப்புவதும், மகளின் வருமானக் கட்டத்தில் அப்பா சம்பளத்தைப் போடுவதும் அடிக்கடி நடக்கிறது. அவள் அவள் கணக்கில் தொடங்கி உங்களுக்கு அழைப்பு அனுப்பட்டும்.

இதைப் படிக்கும் எச்4 (எச்1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) குடும்பங்களுக்கு: பிள்ளை எச்4 என்றால் ஃபெடரல் உதவி இல்லை. பிள்ளை குடிமகனாக இருந்து பெற்றோர் எச்1பி என்றால் உண்டு. பெற்றோரின் விசா அதைப் பாதிக்காது. எச்4 பிள்ளையைப் பல தனியார் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர் வரிசையில் வைக்கும், மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்க் கட்டணம் கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இரண்டையும் விண்ணப்பிக்கும் முன்பே அட்மிஷன் ஆபீஸில் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். 21 வயதில் எச்4 முடிந்துவிடும். 18இல் சேரும் பிள்ளைக்கு அது மூன்றாம் ஆண்டில் வரும். எஃப்1 மாணவர் விசாவுக்கு மாறியதும் உள்ளூர்க் கட்டணம் தொடருமா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.